தண்ணி புகாத பாக் வாங்கினால் போதுமா?

கேள்வி, 2024 ஒக்டோபர் 14

நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கு, கம்பஸுக்கு, மோட்டார் சைக்கிளில் போய் வருகிறேன். அம்மா சீட்டு எடுத்து லப்டொப் வாங்கித் தந்தவ. மாரி தொடங்கப் போகிறது. நல்ல வோட்டர்புரூப் பாக் ஒன்று வாங்கினால் சரி, வேறு ஒன்றும் யோசிக்கத் தேவையில்லை என்று நண்பன் சொல்கிறான். எந்த பாக் என்று மட்டும் சொல்லுங்கோ அண்ணைமார்.

ஒக்டோபர் 14, இரவு

தம்பி, நண்பன் சொன்னது பிழை. என்னுடைய முதல் லப்டொப் செத்தது தண்ணி புகாத பாக்குக்குள்தான். அதுவும் ஓகஸ்ட் மாதத்தில், மண் வெடித்துக் கிடந்த வெயிலில்.

கிளிநொச்சியில் வேலை முடித்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஆனையிறவு தாண்டும்போது தாகம், போத்தலை எடுத்து இரண்டு மிடறு குடித்துவிட்டு மூடியைத் திருகி பாக்குக்குள் வைத்தேன். மூடி புரியில் சரியாக உட்காரவில்லை, ஆனால் கைக்கு இறுகினமாதிரி இருந்தது. கொடிகாமம் வரை நித்திரை. யாழ்ப்பாணத்தில் இறங்கும்போது பாக்கைத் தூக்கினேன், பாரம் மாறவில்லை. மாறாதுதானே, போத்தலில் இருந்த தண்ணி முழுக்க பாக்குக்குள்தான் இருந்தது. கடைக்காரர் பெருமையாகக் காட்டிய அந்தத் தண்ணி புகாத உள்துணி வேலையைச் சரியாகச் செய்திருந்தது. ஒரு சொட்டு வெளியே போகவில்லை. அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணி, அதற்குள் லப்டொப் செங்குத்தாக நின்றது, ஏதோ சாடிக்குள் வைத்த பூச்செடி போல. சாதாரணத் துணி பாக்காக இருந்திருந்தால் என் மடி நனைந்திருக்கும், பளையிலேயே எழும்பியிருப்பேன்.

ஆகையால் எந்த பாக் என்று கேட்பதற்கு முதல், போத்தலை எங்கே வைக்கிறாய் என்று சொல்லு.

ஒக்டோபர் 15

நேற்று எழுதியது கோபத்தில் எழுதினது போல இருக்கிறது. அது தம்பி மேல் இல்லை, அந்த மூடி மேல்.

போத்தல் வெளிப்பக்கத்து வலைப் பொக்கெற்றில். சாப்பாட்டுப் பெட்டியும் லப்டொப்போடு ஒரே அறைக்குள் வேண்டாம், சொதி தண்ணியை விட மோசம். நனைந்த குடையை மடக்கி உள்ளே செருகுவது எல்லாவற்றையும் விட மோசம், அதை நாங்கள் யோசிக்காமலே செய்வோம், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் சாறி நனையக்கூடாது என்று.

ஒக்டோபர் 16

சரி, மழைக்கு வருவோம். முதுகில் பாக்கைப் போட்டு மோட்டார் சைக்கிள் ஓடும்போது மழை எங்கே படுகிறது என்று ஆறுதலாக யோசித்துப் பாருங்கள். மழை முன்னுக்கிருந்து வருகிறது. நெஞ்சும் தொடையும் நனைகின்றன. பாக்கின் வெளிமுகம் அவ்வளவாக நனையாது. ஆனால் ஹெல்மெட்டிலிருந்தும் தோளிலிருந்தும் வழிகிற தண்ணி, ரெயின்கோட்டின் முதுகால் இறங்கி, முதுகுக்கும் பாக்குக்கும் இடையில் போகிறது. அந்தப் பக்கத்தில்தான் பஞ்சு வைத்த முதுகுத்தட்டு இருக்கிறது. பஞ்சு தண்ணியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். லப்டொப் அறையைக் கம்பனிக்காரர்கள் எங்கே வைக்கிறார்கள்? அந்தப் பஞ்சுக்கு நேர் பின்னால்.

மழைக்கு மேலால் போடும் உறை, பாக்கோடு சேர்த்து அடியில் சுருட்டித் தருவார்களே, அது வெளிமுகத்தை மட்டும்தான் மூடும். முதுகுப்பக்கம் திறந்தபடி. அங்கே இறங்கும் தண்ணி உறையின் அடியில் போய்த் தேங்கும், பாக் அந்தக் குட்டைக்குள் உட்கார்ந்திருக்கும். சில உறைகளில் அடியில் சின்ன ஓட்டை வைத்திருப்பார்கள், அது இதற்குத்தான். கிழிசல் என்று நினைத்து ஒட்டிவிடாதீர்கள். நான் ஒட்டினேன்.

இன்னொன்று, வல்லை வெளி. நெல்லியடியால் வருகிற தம்பிக்குத் தெரியும், அங்கே மழை பிடித்தால் ஒதுங்க ஒரு கூரை இல்லை, வாடைக்காற்று பக்கவாட்டில் அறையும். உறைக்குள் காற்றுப் புகுந்து பலூன் மாதிரி ஊதி, என்னுடையது ஒருநாள் தொண்டைமானாற்று நீரேரிப் பக்கமாகப் பறந்தே போய்விட்டது. முனியப்பரடியில் நிற்பாட்டி வானத்தைப் பார்த்துவிட்டு வெளியைக் கடப்பது நல்லது. பக்தி இருந்தால் அதையும் சேர்த்துச் செய்யலாம்.

ஒக்டோபர் 16, கொஞ்சம் பிந்தி

பாக்கைப் போட்டு அதற்கு மேலால் ரெயின்கோட் போட்டால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செய்யலாம், நானும் செய்கிறேன். இரண்டு அளவு பெரிய கோட் வேண்டும். கூனல் விழுந்தவர் போலத் தெரியும், கோப்பாய்ச் சந்தியில் நாய் குரைக்கும். இதுவரை நான் செய்ததில் செலவில்லாததும் வேலை செய்ததும் இதுதான். வியர்வையை மறக்காதீர்கள், பூட்டின கோட்டுக்குள் முதுகு அரை மணித்தியாலத்தில் தொப்பலாகிவிடும், அதுவும் பஞ்சுக்குள்தான் போகும்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

இன்றைக்குக் கிணற்றடியில் சோதனை செய்தேன். லப்டொப்பை வைத்து இல்லை, அவ்வளவு துணிவு இல்லை. லப்டொப் அளவுக்குப் பழைய பேப்பரை அடுக்கி, அதை லப்டொப் அறைக்குள் வைத்து, பாக்கைத் துவைகல்லில் நிறுத்தி, பத்து வாளி தண்ணி ஊற்றினேன். எடுத்து எடுத்து, வேறு வேறு பக்கத்தால். பேப்பர் நல்ல சாட்சி, எங்கே எவ்வளவு நனைந்தது என்று கறுத்துக் காட்டும்.

மேற்பக்கத்துத் துணியால் ஒரு சொட்டும் வரவில்லை. வந்த இடங்கள்: தோள்பட்டி பாக்கோடு தைத்திருக்கும் இடம், அங்கே ஊசித் துளைகள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு வாய். அப்புறம் ஸிப்பின் இரண்டு முனைகள். ஸிப்பின் நடுப்பகுதி ஓரளவு தாங்கியது, இரண்டு ஸிப்பும் மேலே சந்திக்கிற அந்தச் சின்ன இடைவெளியால் தண்ணி நேராக உள்ளே இறங்கியது. நாங்கள் எல்லோரும் பூட்டும்போது இரண்டு ஸிப்பையும் உச்சியில் கொண்டுவந்துதான் பூட்டுகிறோம். பக்கவாட்டில் கொண்டுபோய் நிறுத்தினால் பாதிக்குப் பாதி குறைந்தது, அடுத்த ஐந்து வாளியில் பார்த்தேன்.

அடியில் மூன்றாவது இடம் ஒன்று இருந்தது, எனக்கே அதிர்ச்சி. பாக்கின் உள்துணியில் பூசியிருந்த பிளாஸ்ரிக் படலம் பொருக்கு பொருக்காக உரிந்து வந்தது, கையில் ஒட்டியது. மூன்று நாலு வருட பாக். நைலோன் துணிக்குப் பின்னால் பூசுகிற பொலியூரித்தேன் வெக்கையிலும் ஈரலிப்பிலும் காலம் போகப்போகச் சிதைந்துவிடும், எங்கள் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. வாங்கும்போது தண்ணி புகாத பாக், இப்போது வெறும் துணி. அலுமாரிக்குள் வைத்திருந்தாலும் இது நடக்கும். ஆகவே போன மாரியில் தாங்கினது என்ற நம்பிக்கையில் இந்த மாரிக்கு வெளிக்கிடாதீர்கள். பேப்பரும் பத்து வாளி தண்ணியும் போதும் பார்க்க.

ஒக்டோபர் 23

"ஐ.பி.எக்ஸ் என்று நம்பர் போட்ட பாக் வாங்கலாமா" என்று கேள்வி.

அந்த நம்பருக்கு அர்த்தம் இருக்கிறது. 4 என்றால் எந்தப் பக்கத்தாலும் தெறிக்கிற தண்ணிக்குத் தாங்கும். 7 என்றால் 1 மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் அமிழ்த்தி வைத்துப் பார்த்தது. ஆனால் 7 தாங்கினது 6 தாங்கும் என்று இல்லை, 6 என்பது வேகமாகப் பீச்சி அடிக்கிற தண்ணி, அது வேறு சோதனை. முதல் எண் தூசிக்கு, எக்ஸ் என்று போட்டிருந்தால் தூசிக்கு எண் ஒன்றும் கொடுக்கவில்லை என்று அர்த்தம். இவ்வளவும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60529 என்ற தரத்தில் இருக்கிறது. சோதனை புதுப் பொருளில், நல்ல தண்ணியில் நடக்கும். ஸிப்புக்குள் செம்மண் பிடித்த பிறகு அந்த எண் எங்கே நிற்கும் என்பதை நீங்களே யோசியுங்கள்.

எண் ஒன்றும் இல்லாமல் வோட்டர்புரூப் என்று மட்டும் எழுதியிருந்தால், அதை வேலியில் ஒட்டின நோட்டீசுக்குக் கொடுக்கிற மரியாதையோடு வாசியுங்கள்.

லப்டொப்பிலேயே இராணுவத் தரம் 810 என்று ஸ்ரிக்கர் ஒட்டி வருமே, அது இருந்தால் பயமில்லையா என்று இன்னொருவர். அது அதிர்வு, வெப்பம், ஈரலிப்பு, விழுதல் என்று பல சோதனைகளின் தொகுப்பு. எதை எதைச் செய்தார்கள் என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். தண்ணிக்குள் போடலாம் என்று அந்த ஸ்ரிக்கர் எங்கேயும் சொல்லவில்லை. சில திங்க்பாட் வகை லப்டொப்புகளில் கீபோட்டுக்கு அடியால் தண்ணி வழிந்தோட ஓட்டை வைத்திருக்கிறார்கள், மேசையில் ரீ கொட்டினால் தப்பலாம். பாக்குக்குள் குளித்தால் அந்த ஓட்டைதான் வாசல்.

ஒக்டோபர் 30

இன்றைய திகதியைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

1995இல் இதே நாள் இரவு, போரால் இடம்பெயர்ந்து, வலிகாமத்துச் சனம் முழுக்க நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. எனக்கு ஒன்பது வயது. மழை. யாரும் ஓடவில்லை, ஓட இடமில்லை, அடி அடியாக நகர்ந்தோம். அப்பா சைக்கிளை உருட்டினார். அம்மாவின் கையில் ஒரு யூரியாப் பை, அதற்குள் காணி உறுதி, பிறப்புப் பத்திரங்கள், அம்மாவின் படிப்புச் சான்றிதழ்கள், ஒரு கலியாண அல்பம். யூரியாப் பையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெளியே இழையால் நெய்த சாக்கு, உள்ளே தனியாக ஒரு பொலித்தீன் உறை, பாவாடைக்குள் உள்பாவாடை மாதிரி. அம்மா என்ன செய்தா என்றால், அந்த உள்ளுறையைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து முதலே எடுத்து வைத்திருந்தா. கடதாசிகளை அதற்குள் வைத்து, காற்றைப் பிதுக்கி, வாயை மூன்று நாலு முறை மடித்து, மடித்த இடத்தை வளைத்துக் கயிற்றால் கட்டி, பிறகுதான் சாக்குக்குள் போட்டா. சாக்கு நனைந்து பாரமாகிவிட்டது. கைதடியில் யாரோ வீட்டு விறாந்தையில் அவிழ்த்துப் பார்த்தபோது உள்ளே புழுதி கூட அப்படியே இருந்தது.

இவ்வளவு நாளும் நான் பாக்கைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளியே இருப்பது நனையட்டும், அது சுமக்கத்தானே. தண்ணியை மறிக்கிறது உள்ளே, பொருளுக்குக் கிட்ட இருக்க வேண்டும், தையல் இல்லாமல், வாய் மடித்து. கடையில் டிரை பாக் என்று விற்கிறார்களே, வாயைச் சுருட்டிக் கொக்கி போடுகிறது, அதுவும் அம்மாவின் கட்டுதான்.

தம்பி, பாக் வாங்க வேண்டாம். இருக்கிற பாக் போதும். உள்ளுறை ஒன்று தேடு.

நவம்பர் 3

எல்லோரும் யூரியாப் பை தேடி வெளிக்கிட்டுவிட்டீர்கள் போல. கழுவாமல் பாவிக்காதீர்கள், யூரியா தானே ஈரத்தை இழுக்கிற சாமான், அதன் தூள் லப்டொப்புக்குள் போனால் மழையே தேவையில்லை. உண்மையில் தடித்த பொலித்தீன் குழாய் கடைகளில் யார்க்கணக்கில் வாங்கலாம், ஒரு முனையை மெழுகுதிரிச் சூட்டில் ஒட்டினால் உறை. நான் இரண்டு முறை கருக்கி மூன்றாம் முறை சரி வந்தது.

இப்போது திருத்தங்கள் இரண்டு, ஒன்று நானே பட்டறிந்தது, மற்றது இன்னொருவர் சொல்லித் தெரிந்தது.

ஒன்று, நான் சார்ஜரையும் அதே உறைக்குள் வைத்திருந்தேன். மூன்று கம்பிப் பிளக், அதன் பித்தளை முனை பொலித்தீனைக் குத்திவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி. சார்ஜர் உறைக்குள் வேண்டாம், வெளிப் பொக்கெற்றுக்கு மாற்றுங்கள்.

மற்றது, ஓர் அக்கா எழுதியது, இது முக்கியம். மூடியை மட்டும் சாத்தி, நித்திரையில் இருக்கிற லப்டொப்பை இப்படிக் காற்றுப் போகாமல் கட்டினால், அது வழியில் தானாக எழும்பி அப்டேற் செய்யத் தொடங்கினால், வெப்பம் போக வழியில்லை. அவருடையது வீடு வந்தபோது இடியப்பத் தட்டுப் போலக் கொதித்துக் கிடந்ததாம். முழுதாக நிற்பாட்டிவிட்டுத்தான் கட்ட வேண்டும். நனைந்தாலும் நிற்பாட்டின லப்டொப்புக்குத்தான் தப்ப வாய்ப்புக் கூட. என்னுடைய பூச்செடி அன்றைக்கு நித்திரையில்தான் இருந்தது.

நவம்பர் 10

கடல் பற்றி யாரும் கேட்கவில்லை, நான் சொல்லத்தான் போகிறேன். வேலை விஷயமாக மாதத்துக்கு ஒருமுறை நெடுந்தீவு போகிறேன், குறிகாட்டுவானிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம் அளவில். காற்றுக் காலத்தில் அலை படகின் முகப்பில் அடித்துத் தூவானமாக விழும், மேல்தட்டில் இருப்பவர்கள் எல்லோரும் உப்புப் பூத்துத்தான் இறங்குவோம்.

மழைத்தண்ணி காய்ந்தால் போய்விடும், கடல்தண்ணி போகாது. ஒரு லீற்றர் கடல்தண்ணியில் 35 கிராம் அளவு உப்பு. தண்ணி காய்ந்தபிறகு உப்பு உள்ளேயே இருக்கும், காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு திரும்பவும் ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். மாரியில் அடுப்படி உப்புப் போத்தல் கசிகிறதே, அதே கதை மதர்போட்டில் நடக்கும், ஒவ்வொரு இரவும். உப்புத்தண்ணி மின்சாரத்தை நல்ல தண்ணியை விடப் பலமடங்கு கடத்தும். பற்றறி இணைந்திருந்தால் செம்புக் கோடுகள் பச்சை பிடித்து அரிபடும். படகில் நனைந்த போன் ஒன்று மூன்று கிழமை நன்றாக வேலை செய்துவிட்டு, பிறகு ஒரு காலையில் எழும்பவில்லை. என்னுடையது இல்லை, ஆனால் என்னிடம்தான் திருத்தக் கொண்டுவந்தார்கள், நான் என்ன திருத்துவது.

படகுக்கு நான் டிரை பாக்தான் பாவிக்கிறேன், தடித்த பிவிசி, தையல் இல்லாமல் சூட்டில் ஒட்டினது. வாயைக் குறைந்தது மூன்று சுற்றாவது சுருட்ட வேண்டும். முதல் தடவை உடுப்பையும் திணித்து நிரப்பி ஒரு சுற்றோடு கொக்கியைப் போட்டுவிட்டேன், நெடுந்தீவில் திறந்தபோது சாரம் நனைந்திருந்தது. லப்டொப் சாரத்துக்குள் சுற்றியிருந்தபடியால் தப்பியது. பெருமைப்பட ஒன்றும் இல்லை. வாங்கும்போது லப்டொப்பைக் கையோடு கொண்டுபோய் உள்ளே விட்டுப் பாருங்கள், லீற்றர்க் கணக்கு அகலத்தைச் சொல்லாது. 15 அங்குல லப்டொப் மூலையில் சிக்கி நிற்கும் பை வேண்டாம். சுருட்டுவதற்கு முதல் கொஞ்சம் காற்று இருக்க விடுங்கள், விழுந்தால் மிதக்கும். அம்மா காற்றைப் பிதுக்கினா, ஏனென்றால் அவவுக்குச் சுமக்க வேண்டியிருந்தது.

நவம்பர் 16

மழையும் இல்லை, போத்தலும் இல்லை, உறைக்குள் ஈரம் என்று ஒருவர். எங்கே வேலை என்று கேட்டேன், வங்கிக் கட்டடத்தில், நாள் முழுக்க ஏசி.

குளிர்ந்த லப்டொப்பை வெளியே எடுத்து உடனே திறந்தால் எங்கள் காற்றின் ஈரம் அதன் மேல் முத்து முத்தாகப் படியும், கண்ணாடி போட்டவர்களுக்கு வாசலிலேயே தெரியும். உறையை ஏசிக்குள்ளேயே கட்டிவிட்டு வாருங்கள், உள்ளே மாட்டுப்படுவது அந்த உலர்ந்த காற்று. வீட்டுக்கு வந்தும் அரை மணித்தியாலம் அவிழ்க்க வேண்டாம், லப்டொப் வெளிச்சூட்டுக்கு வரட்டும். நான் வீட்டுக்கு வந்தவுடன் அவிழ்த்துத் துவாயால் துடைத்துக்கொண்டிருந்தவன், நல்லது செய்வதாக நினைத்து.

சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பக்கெற் போட்டால் போதும் என்று முன்பு எங்கோ சொல்லியிருக்கிறேன், அதை வாபஸ் வாங்குகிறேன். அது தன் எடையில் மூன்றிலொரு பங்கு அளவுதான் ஈரம் பிடிக்கும், 2 கிராம் பக்கெற் என்றால் சில துளிகள். அலுமாரியில் ஒரு வருடம் கிடந்த பக்கெற் ஏற்கெனவே குடித்து முடித்திருக்கும். நிறம் மாறுகிற மணி வாங்கினால் எப்போது நிரம்பியது என்று தெரியும், சூடாக்கித் திரும்பவும் பாவிக்கலாம். அதை வெளியே விட்டுவைக்காதீர்கள், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கற்கண்டு மாதிரித் தெரியும்.

நவம்பர் 27

மூன்று நாளாக விடாமல் அடிக்கிறது. ஒழுங்கையில் முழங்கால் தண்ணி. உயர்தரப் பரீட்சையையே இடையில் நிற்பாட்டிவிட்டார்கள். தம்பி, இன்றைக்குக் கம்பஸுக்கு வெளிக்கிட்டிருந்தால் உன்னோடு கதைக்கமாட்டேன்.

லப்டொப்பை உறைக்குள் கட்டி அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அம்மா வந்து பார்த்தா. "வாயை இன்னும் ஒரு மடிப்பு மடி" என்றா.

டிசம்பர் 1

புயல் புதுச்சேரிப் பக்கம் போய்விட்டது, இங்கே நனைந்த லப்டொப்புகள் மிச்சம். மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டதால் ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

அரிசிக்குள் புதைக்காதீர்கள். மொட்டைக்கறுப்பனாக இருந்தாலும் சரி, சம்பாவாக இருந்தாலும் சரி, திறந்த இடத்தில் காற்றுப்பட வைப்பதை விட அரிசி ஒன்றும் கெதியாக உலர்த்தாது, தூளும் உடைந்த குருணியும் துவாரங்களுக்குள் போகும். ஐபோனை அரிசிக்குள் போட வேண்டாம் என்று அப்பிளே 2024இல் எழுதிவிட்டது. நான் முதல் லப்டொப்புக்கு இரண்டு கிலோ போட்டேன். லப்டொப்பும் வரவில்லை, அரிசியையும் அம்மா கோழிக்குப் போட்டா.

செய்ய வேண்டியது இதுதான்: வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்க்கிற அந்த ஆசையை அடக்குவது. ஓடிக்கொண்டிருந்தால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிற்பாட்டி, சார்ஜரைக் கழற்றி, பற்றறி கழற்றக்கூடியது என்றால் அதையும் கழற்றி, விரித்துக் கூடாரம் போலக் கவிழ்த்து வைத்து, அதன் பிறகு கை வைக்காமல் திருத்துகிறவரிடம் அன்றைக்கே கொண்டுபோவது. தலைமயிர் உலர்த்துகிற சாதனம் வேண்டாம், தண்ணியை இன்னும் உள்ளே தள்ளும். நிற்பாட்டின பிறகும் பற்றறியிலிருந்து போர்டின் சில இடங்களுக்கு மின் போய்க்கொண்டுதான் இருக்கும், அரிப்பு அந்த இடங்களில்தான் தொடங்கும், ஆகையால் திறக்கத் தெரிந்தவர் முதலில் பற்றறி வயரைக் கழற்றி, செறிவான ஐசோபுரோப்பைல் அற்ககோலால் போர்டைக் கழுவுவார். ரீ, சோடா கொட்டினதென்றால் மறைக்காமல் சொல்லுங்கள், சீனி காய்ந்து பிசினாக நிற்கும். வைத்தியரிடம் பொய் சொல்வது மாதிரித்தான்.

உத்தரவாதத்தை நம்பி இருப்பவர்களுக்கு: உள்ளே வெள்ளையாகச் சின்னச் சின்னப் பொட்டு ஒட்டியிருப்பார்கள், தண்ணி பட்டால் சிவக்கும். அதைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு கடையில் சிரித்தார்கள்.

டிசம்பர் 8

உள்ளே இருக்கிற வேலைகளின் பிரதி பற்றி ஏன் எழுதவில்லை என்று ஓர் ஐயா கண்டித்திருக்கிறார். நியாயம். என் பூச்செடிக்குள் இரண்டு வருடக் கணக்கு இருந்தது, திரும்பத் தட்டச்சுச் செய்ய மார்கழி முழுக்கப் போனது. இப்போது வெளி டிஸ்க் ஒன்று வீட்டில் இருக்கிறது, வெள்ளிக்கிழமைகளில் அதில் பிரதி எடுக்கிறேன். அதை லப்டொப்போடு ஒரே பாக்கில் கொண்டு திரிகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் என்ன சொல்ல.

டிசம்பர் 15

தம்பி எழுதியிருக்கிறான். வெள்ளிக்கிழமை பின்னேரம் வல்லை வெளியில் மாட்டுப்பட்டானாம், ஹெல்மெட்டுக்குள்ளும் தண்ணியாம். பாக் பழைய பாக்தான், நனைந்து ஒரு ஆட்டுக்குட்டிப் பாரம். உள்ளே பொலித்தீன் குழாய், நாலு மடிப்பு, மேலே சைக்கிள் ரியூப் வெட்டின வளையம். அவிழ்த்தால் லப்டொப் காய்ந்தபடி இருந்ததாம், அவனுடைய அம்மா கையால் தடவிப் பார்த்தாவாம்.

சார்ஜர் நனைந்துவிட்டது. வெளிப் பொக்கெற்றில் இருந்தது. வெளிப் பொக்கெற்றில் வைக்கச் சொன்னது யார் என்று மேலே போய்ப் பார்த்தேன், நவம்பர் 3, நான்.

வெளிப் பொக்கெற் என்பது பாக்கிலேயே முதலில் நனைகிற இடம், கிணற்றடியில் பத்து வாளி ஊற்றின எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே திருத்தம்: சார்ஜர் வெளியேதான், ஆனால் தனியாக ஒரு சொப்பிங் பாக்கில், பிளக்கின் முனைகளைத் துணியால் சுற்றி. தம்பி, அதைக் காய்ந்துவிட்டது என்று நினைத்து சுவரில் சொருகாதே, அதற்குள் 230 வோல்ற் போகிறது. என்னுடைய செத்த லப்டொப்பின் சார்ஜர் சும்மா கிடக்கிறது, நெல்லியடிப் பக்கம் வருகிற ஒருவரிடம் கொடுத்து விடுகிறேன். முதலில் உன்னுடையதன் அடியில் எழுதியிருக்கிற வோல்ற்றையும் அம்பியரையும் படம் எடுத்து அனுப்பு, முனையையும் சேர்த்து.